அப்பாவை வெளியே அனுப்பினால் மனசு சரியாகிவிடுமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு 62 வயது. மின்வாரியத்தில் ஃபோர்மேனாக இருந்து 2 வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்றவர். அம்மா தவறி 14 மாதம் ஆகிறது. திண்டுக்கல் பக்கம் சொந்த ஊரில் தனியாக இருக்கிறார், நீங்கள் ஓசூரில் வேலை பார்க்கிறீர்கள். முன்பெல்லாம் விடிந்ததும் டீக்கடைக்குப் போனால் ஒன்பது மணிக்குத்தான் திரும்புவார், இப்போது டிவி முன்னால் உட்கார்ந்தால் எழுந்திருப்பதே இல்லை என்கிறீர்கள். யோகா வகுப்பில் 3 மாதக் கட்டணம் கட்டிச் சேர்த்துவிட்டீர்கள், நாலே நாளில் நின்றுவிட்டார். "நாலு பேரோடு பழகினால் மனசு தெம்பாகும் என்று எல்லாரும் சொல்கிறார்களே, அது நிஜமா, சும்மா சொல்வதா? நிஜம் என்றால் நான் அவரைக் கட்டாயப்படுத்தலாமா?" இவ்வளவுதான் எழுதியிருக்கிறீர்கள். ஆனால் "நான் கூட இல்லாததால்தான் இப்படி ஆகிவிட்டதோ" என்ற மூன்றாவது கேள்வி ஒன்றும் வரிகளுக்கு நடுவில் இருப்பதாக எனக்குப் படுகிறது. அதற்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் மருத்துவர் இல்லை. மனநல சமூகப் பணியாளர். மதுரைப் பக்கம் ஒரு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் 13 வருடம் இருந்தேன். அதற்குப் பிறகு 9 வருடமாக முதியவர்களுக்கான பகல்நேர மையம் ஒன்றில் இருக்கிறேன். இதை முன்னாலேயே சொல்ல ஒரு காரணம் உண்டு. என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் ஏற்கெனவே துன்பத்தில் இருப்பவர்கள். தனியாகவே இருந்து, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பேப்பர் படித்துக்கொண்டு நிம்மதியாக இருக்கிற பெரியவர் எவரும் என் முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. அப்படிப்பட்டவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதனால் என் அனுபவத்திலிருந்து வரும் எதையும் கொஞ்சம் தள்ளுபடி செய்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன். கலிஃபோர்னியாவின் அலமீடா மாவட்டத்தில் 1965-ல் கிட்டத்தட்ட 7,000 பேரிடம் விவரம் கேட்டுப் பதிந்துவைத்தார்கள். கல்யாணம் ஆனவரா, நெருங்கிய உறவும் நட்பும் எத்தனை பேர், தேவாலயத்துக்குப் போகிறவரா, ஏதாவது சங்கத்தில் உறுப்பினரா என்று. 9 வருட காலத்தில் அவர்களில் யார் இருந்தார்கள், யார் இறந்தார்கள் என்று பார்த்து, லிசா பெர்க்மனும் லெனர்ட் சைமும் 1979-ல் வெளியிட்டார்கள். தொடர்புகள் மிகக் குறைவாக இருந்தவர்கள் இறந்த விகிதம், நிறைய இருந்தவர்களைப்போல் 2 மடங்குக்கும் மேல். புகை, குடி, உடல்நிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தும் அந்த வித்தியாசம் போகவில்லை. 2010-ல் ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாடும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த மாதிரி 148 ஆய்வுகளை, 3 லட்சத்துக்கும் அதிகமான ஆட்களின் கணக்கை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உறவுகள் வலுவாக இருந்தவர்கள் ஆய்வு முடியும்வரை உயிரோடிருக்கும் வாய்ப்பு 50 சதவீதம் கூடுதல். "தனிமை என்பது தினம் 15 சிகரெட் பிடிப்பதற்குச் சமம்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறதே, அதன் மூலம் இங்கேதான். அளவை விளங்கவைக்கச் சொன்ன ஒரு ஒப்பீடு அது. பயமுறுத்தத்தான் இப்போது பயன்படுகிறது. தயவுசெய்து அப்பாவுக்கு ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.

ஆனால் இந்தக் கணக்குகளில் ஒரு முடிச்சு இருக்கிறது. பழகாததால் மனசு சோர்ந்ததா, மனசு சோர்ந்ததால் பழக்கம் விட்டுப்போனதா? ஒரே நாளில் ஒரே கேள்வித்தாளை வைத்து எடுத்த கணக்கு இதைப் பிரித்துச் சொல்லாது. பல வருடம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் இரண்டு பக்கமும் உண்மை என்கின்றன. ஒன்று இன்னொன்றை இழுக்கும், அது இதை இழுக்கும். உங்கள் வீட்டில் எது முதலில் நடந்தது என்பதை நான் இங்கிருந்து சொல்ல முடியாது. அநேகமாக உங்களாலும் முடியாது.

இந்த இடத்தில் எனக்குப் பிடித்த ஒரு பழைய ஆய்வைச் சொல்லியே ஆகவேண்டும். ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியந்தால் என்று ஒரு கிராமம். ஊரே ஒரு நெசவாலையை நம்பி இருந்தது. 1930 வாக்கில் ஆலை மூடிவிட்டது. ஏறக்குறைய எல்லாக் குடும்பமும் வேலை இழந்தது. மரீ யஹோடா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் மூவரும் ஒரு குழுவோடு போய் அந்த ஊர் எப்படி வாழ்கிறது என்று பார்த்து 1933-ல் புத்தகமாகப் போட்டார்கள். நேரம் நிறையக் கிடைத்தால் மனுஷன் நிறையப் படிப்பான், நிறையப் பேசுவான், சங்கத்துக்குப் போவான் என்றுதானே நினைப்போம்? நடந்தது நேர்மாறு. தொழிலாளர் நூலகத்தில் புத்தகம் எடுப்பது 2 வருடத்தில் பாதியாகக் குறைந்தது. படிக்கக் கட்டணம்கூட இல்லாதபோது! சங்கங்களில் ஆள் குறைந்தார்கள். ஜன்னல் பக்கம் நின்று, தெருவில் ஜனங்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்றுகூட அளந்தார்கள். பெண்களுக்கு வீட்டுவேலை அப்படியே இருந்தது, அவர்கள் வேகமாக நடந்தார்கள். ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். காலையிலிருந்து மதியம்வரை என்ன செய்தாய் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

உங்கள் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்ததும் எனக்கு மரியந்தால்தான் ஞாபகம் வந்தது. அவர் டீக்கடைக்குப் போனது டீக்காக இல்லை. எந்த டிரான்ஸ்ஃபார்மர் போச்சு, எந்தத் தெருவில் எப்போது கரண்ட் வரும் என்று நாலு பேர் கேட்பார்கள், இவர் சொல்வார். ஆபீஸ் இருந்ததால்தான் 6 மணிக்கு டீக்கடையும் இருந்தது. சாயங்காலம் போய்ச் சொல்ல வீட்டில் ஒரு ஆள் இருந்ததால்தான் பகலில் கேட்ட கதைகளுக்கும் ஒரு மதிப்பு இருந்தது. முதலில் ஆபீஸ் போனது, பின்னால் அம்மா போனார்கள். டீக்கடை அங்கேயேதான் இருக்கிறது, போவதற்கான காரணம்தான் போய்விட்டது. வெளியிலிருந்து பார்க்கும் நமக்கு "சும்மாதானே இருக்கார், போயிட்டு வரலாமே" என்று தோன்றும். சும்மா இருப்பவரால்தான் போக முடிவதில்லை.

சரி, அப்படியானால் வெளியே போகவைப்பதில் பிரயோஜனம் உண்டா? உண்டு. இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, அதுவும் நம் நாட்டிலேயே. கோவாவில் சங்கத் என்ற அமைப்பு, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த கடுமையான மனச்சோர்வு உள்ள 495 பேரை வைத்து ஒரு ஆய்வு செய்தது. விக்ரம் படேல் தலைமையில் நடந்தது, 2017-ல் வெளிவந்தது. சிகிச்சை தந்தவர்கள் மனநல மருத்துவர்கள் இல்லை, உள்ளூரில் எடுத்துப் பயிற்சி கொடுக்கப்பட்ட சாதாரண ஆட்கள். 6 முதல் 8 முறை உட்கார்ந்து பேசுவது. பேச்சின் மையம் மனசுக்குள் என்ன இருக்கிறது என்று தோண்டுவதில் இல்லை. முன்பு எதைச் செய்து கொண்டிருந்தாய், எதை விட்டாய், அதில் சின்னதாக எதை இந்த வாரம் திரும்பத் தொடங்கலாம் என்பதில் இருந்தது. 3 மாதத்தில் இந்தப் பேச்சு கிடைத்தவர்களில் 100-க்கு 64 பேர் சோர்வு தணிந்து மீண்டிருந்தார்கள். வழக்கமான கவனிப்பு மட்டும் கிடைத்தவர்களில் 39 பேர். இதன் பின்னால் இருக்கும் கருத்து எளிமையானது. ஆசை வந்ததும் எழுந்து போகலாம் என்று சோர்ந்தவர் காத்திருக்கிறார். ஆனால் எழுந்து போன பிறகுதான் ஆசை வரும். கால் முன்னால் போகும், மனசு பின்னால் வரும். ஒரு சின்ன எச்சரிக்கை, அந்த ஆய்வில் இருந்தவர்கள் 18-லிருந்து 65 வயதுக்குள். செய்தவையும் எல்லாமே கூட்டத்தோடு பழகும் காரியங்கள் இல்லை. வீட்டைச் சுத்தம் செய்வது, தள்ளிப்போட்ட ஒரு வேலையை முடிப்பது இதெல்லாமும் அதில் உண்டு. அதனால் "பழகினால் குணமாகும்" என்பதற்கு நேரடிச் சான்றாக இதைக் காட்ட மாட்டேன். "சின்னதாக ஏதாவது செய்யத் தொடங்கினால் நல்லது" என்பதற்குத் தாராளமாகக் காட்டுவேன்.

இப்போது யோகா வகுப்பு ஏன் நிலைக்கவில்லை என்ற விஷயத்துக்கு வருகிறேன். யோகாவில் தப்பில்லை. 30 பேர் பாய் விரித்துப் படுத்திருக்கும் ஹாலில் உங்கள் அப்பா வரவில்லை என்றால் யாருக்குத் தெரியும்? யாருக்கும் தெரியாது. எந்த நிகழ்ச்சியானாலும் நான் கேட்கும் ஒரே கேள்வி இதுதான்: நாளைக்கு அவர் வராவிட்டால், "ஏன் வரல?" என்று யாராவது ஃபோன் பண்ணுவார்களா? பண்ணுவார்கள் என்றால் அது நிலைக்கும். இல்லை என்றால் எவ்வளவு நல்ல நிகழ்ச்சியும் இரண்டாவது வாரம் தாண்டாது. இது ஆய்வில் அளந்து சொன்னது கிடையாது, 9 வருடம் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு வந்த எண்ணம்.

எங்கள் மையத்துக்கு ஒருவரை அவருடைய மகன் கூட்டிவந்தார். அடையாளம் தெரியாமல் இருக்கச் சில விவரங்களை மாற்றிச் சொல்கிறேன். பஸ் கண்டக்டராக இருந்தவர். கேரம் போட்டுக் கொடுத்தோம், பாட்டுக் கச்சேரிக்குக் கூப்பிட்டோம், எதிலும் உட்காரவில்லை. "என்னை இங்க குழந்தையாட்டம் விட்டுட்டுப் போறான் சார்" என்றார் ஒருநாள். அந்தச் சமயத்தில் மையத்தில் காலை டிபனுக்கு டோக்கன் கொடுக்கும் பெண் பிரசவ விடுப்பில் போனார். இரண்டு நாள் நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். மூன்றாவது நாள் வீட்டிலிருந்து தன் பழைய தோல்பையைக் கொண்டுவந்துவிட்டார். டோக்கனை அடுக்கி, கிழித்து, பாக்கிச் சில்லறை கணக்கு எழுதி, தாமதமாக வருகிறவரை அதட்டி, அப்படியே ஓட ஆரம்பித்துவிட்டது. அந்தப் பெண் விடுப்பு முடிந்து வந்தபோது வேலையைத் திருப்பித் தர அவருக்கு மனசே இல்லை, நாங்களும் கேட்கவில்லை. அவருக்கு மாத்திரையும் ஓடிக்கொண்டிருந்தது என்பதையும் சொல்லவேண்டும். எது எவ்வளவு வேலை செய்தது என்று பிரிக்க என்னிடம் தராசு கிடையாது.

வாங்கிக்கொள்வதைவிடக் கொடுப்பதில் பலம் அதிகம் என்பதற்கு ஆய்வும் இருக்கிறது. அமெரிக்காவில் வயதான 423 தம்பதிகளை 5 வருடம் தொடர்ந்து பார்த்து ஸ்டெஃபனி பிரவுன் என்பவரின் குழு 2003-ல் வெளியிட்டது. உதவி செய்யாதவர்களைக் காட்டிலும், நண்பர், உறவினர், பக்கத்து வீட்டாருக்கு உதவி செய்துகொண்டிருந்தவர்கள் அந்த 5 வருடத்தில் குறைவாகவே இறந்தார்கள். உதவி பெற்றதால் அப்படி ஒரு வித்தியாசம் தெரியவில்லை. உடல் தெம்பு உள்ளவர்தானே உதவி செய்ய முடியும் என்று நீங்கள் கேட்பது சரி. அதையும் கணக்கில் எடுத்துத்தான் பார்த்தார்கள். என்றாலும் கூர்ந்து கவனித்துச் செய்த கணக்கு என்பதற்கு மேல் இதை நிரூபணம் என்று சொல்லத் தயங்குவேன்.

அப்புறம் ஆண்களைப் பற்றி ஒன்று. நம் ஊர் ஆம்பளைகளை எதிரெதிரே நாற்காலி போட்டு உட்காரவைத்து "மனசில் இருப்பதைப் பேசுங்கள்" என்றால் வாயைத் திறக்க மாட்டார்கள். மோட்டாரைக் கழற்றிப் போட்டுவிட்டு இரண்டு பேரைப் பக்கத்தில் விடுங்கள், அரைமணி நேரத்தில் பெண்டாட்டி போனது, பையன் பேசாதது எல்லாம் ஸ்பேனரோடு சேர்ந்து வெளியே வரும். ஆஸ்திரேலியாவில் 1990-களில் 'மென்ஸ் ஷெட்' என்று ஆரம்பித்தது இந்த எண்ணத்தில்தான். ஓய்வுபெற்ற ஆண்கள் ஒரு கொட்டகையில் கூடி மரவேலை, ரிப்பேர் வேலை செய்வார்கள், பேச்சு அதன் ஓரத்தில் நடக்கும். ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006-ல் தொடங்கிய 'நட்புப் பெஞ்ச்' திட்டத்திலும் ஏறக்குறைய இதே சங்கதி உண்டு. ஹராரேயில் சுகாதார நிலையத்து மரத்தடி பெஞ்சில், பயிற்சி பெற்ற பாட்டிமார் உட்கார்ந்து வருகிறவர்களிடம் பேசுவார்கள். அங்கே மனச்சோர்வுக்கு ஷோனா மொழியில் வழங்கும் சொல்லுக்கு 'அளவுக்கு மீறி யோசிப்பது' என்று பொருள். நம் அம்மாக்கள் "ஒரே யோசனையா இருக்கு" என்பார்களே, அதேதான். பேச்சு முடிந்தபிறகு, உதவி தேடி வந்த பெண்கள் ஒரு குழுவாகக் கூடிப் பைகள் பின்னுகிறார்கள். கைக்கு வேலை இருக்கும்போது வாய் தானாகத் திறக்கிறது.

எல்லாப் பழக்கமும் நல்லது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். கல்யாண வீட்டுக்கு அனுப்பினால் தெளிவார் என்று நினைத்து அனுப்பி, திரும்பி வந்து மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தவர்களை எனக்குத் தெரியும். அம்மா இல்லாமல் முதல் தடவை ஒரு பந்தியில் உட்காருவது உங்கள் அப்பாவுக்கு என்னவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். கணவனை இழந்த பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. வா வா என்று கூப்பிட்டுவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் ஒரு ஓரமாக நிற்கவைக்கும் ஊர் இது. மொய் என்ற ஒன்று இருக்கிறது, முகூர்த்த மாதத்தில் பென்ஷனில் பாதி அதற்கே போகும். செலவுக்குப் பயந்தே விசேஷங்களுக்குப் போவதை நிறுத்தி, அப்படியே ஆட்களையும் விட்டவர்கள் உண்டு. இன்னொன்று, ஓய்வுபெற்ற ஆண்களுக்குத் தானாக அமையும் 'சங்கம்' பல ஊர்களில் பாட்டிலைச் சுற்றித்தான் அமைகிறது. சாயங்காலம் நாலு பேரோடு போகிறார், கலகலப்பாகத் திரும்புகிறார் என்று குடும்பம் சந்தோஷப்பட்டு, ஒரு வருடம் கழித்து என்னிடம் வந்த கேஸ்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. யாரோடு, எங்கே என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்.

தனியாக இருப்பதும் தனிமையாக உணர்வதும் ஒன்றில்லை என்பது உங்களுக்கே தெரிந்திருக்கும். அமெரிக்க உளவியலாளர் ஜான் கசியோப்போ தன் ஆய்வு வாழ்க்கையில் பெரும்பகுதியை இதற்கே கொடுத்தவர். அவர் காட்டியதில் எனக்கு மிகவும் உதவியது இது: ரொம்ப நாள் தனிமையில் இருந்தவர் மனிதர்களைத் தேடி ஓடமாட்டார், எச்சரிக்கை ஆகிவிடுவார். எதிரில் வருகிறவர் கவனிக்காமல் போனாலும் "என்னைப் பார்த்தும் பாக்காத மாதிரி போறான்" என்று தோன்றும். தனிமையைக் குறைக்க எடுத்த முயற்சிகளை 2011-ல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. கசியோப்போவும் அதில் இருந்தார். சும்மா கூட்டத்தைக் கூட்டுவதைவிட, இந்த மாதிரி எண்ணத்தைச் சரிபார்க்க உதவிய சிகிச்சைகள்தான் அதிகம் பலன் தந்திருந்தன. அதனால் அப்பா "டீக்கடையில எவனும் முன்ன மாதிரி பேசறதில்ல" என்றால், "அதெல்லாம் இல்லப்பா" என்று மறுக்காதீர்கள். "யாரு, என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள். சொல்லும்போது அவருக்கே அது அவ்வளவு பெரிதாகத் தோன்றாமல் போகலாம். துக்க வீட்டுக்காரரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் ஒதுங்கிப்போகிறவர்களும் உண்டு, அவர் நினைப்பதில் உண்மையும் இருக்கலாம்.

நான் செய்த ஒரு தப்பையும் எழுதுகிறேன், நீங்கள் அதையே செய்துவிடக் கூடாது. பல வருடத்துக்கு முன்னால் ஒரு முதியோர் இல்லத்துக்குக் கல்லூரி மாணவர்கள் வாரம் இரண்டு தடவை வந்து பேசிவிட்டுப் போக ஏற்பாடு செய்தேன். பெரியவர்கள் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு வாசலில் காத்திருப்பார்கள். பரீட்சை வந்தது, மாணவர்கள் நின்றுபோனார்கள். மாற்று ஏற்பாடு எதையும் நான் யோசித்திருக்கவில்லை. அவர்கள் வருவதற்கு முன்னால் இருந்ததைவிட மோசமான நிலைக்கு மூன்று பேர் போனார்கள். பிறகு படித்தபோதுதான் தெரிந்தது, ரிச்சர்ட் ஷூல்ஸ் என்பவர் 1970-களில் அமெரிக்க முதியோர் இல்லம் ஒன்றில் இதே மாதிரி மாணவர்களை அனுப்பிப் பார்த்திருக்கிறார். எப்போது வருவார்கள் என்று முன்கூட்டியே தெரிந்த பெரியவர்களும், எப்போது வரவேண்டும் என்று தாங்களே முடிவுசெய்த பெரியவர்களும் நன்றாகத் தேறினார்கள். ஆய்வு முடிந்து வருகை நின்றதும் அதிகம் சரிந்ததும் அவர்கள்தான். இதிலிருந்து இரண்டு விஷயம் எடுத்துக்கொள்ளலாம். என்றைக்கு, எத்தனை மணிக்கு என்பது அப்பாவுக்குத் தெரிந்திருக்கவேண்டும், முடிந்தால் அவரே முடிவு செய்யவேண்டும். தொடர முடியாத எதையும் உற்சாகத்தில் ஆரம்பிக்காதீர்கள். தினம் வீடியோ கால் என்று தொடங்கி வாரம் ஒன்றாகக் குறைவதைவிட, வாரம் இரண்டு தடவை, புதன் ராத்திரி எட்டரை, ஞாயிறு காலை பத்து என்று வைத்து அதைத் தவறவிடாமல் இருப்பது மேல்.

கட்டாயப்படுத்தலாமா என்று கேட்டீர்கள். அதற்கு முன்னால் அவர் போகாததற்கு வேறு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். சொன்னால் சிரிப்பீர்கள், நான் பார்த்த ஆண்களில் கணிசமானவர்கள் வெளியே போவதை நிறுத்தியது புராஸ்டேட்டால். அரைமணிக்கு ஒருமுறை சிறுநீர் வரும், போன இடத்தில் கழிப்பறை இருக்குமோ இருக்காதோ. மகளிடம் இதை எந்த அப்பா சொல்வார்? காது சரியாகக் கேட்காதவர் டீக்கடைச் சத்தத்தில் பேச்சைப் பிடிக்க முடியாமல், தப்பாகப் பதில் சொல்லி, நாலு பேர் சிரித்து, அதோடு நின்றிருப்பார். காது மங்குவதும் ஆட்களோடு தொடர்பு அறுவதும், மறதி நோய்க்கு நம்மால் மாற்றக்கூடிய காரணங்களாக லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2020-ல் கொடுத்த 12-ல் இரண்டு. கண்புரை, முழங்கால், தைராய்டு, பி12 குறைவு எல்லாமே ஆளைச் சோர்வாக்கும். ஒருநாள் லீவு போட்டுக் கூட்டிப்போய் இவற்றைப் பார்த்துவிடுங்கள். மருத்துவரிடம் அவரைத் தனியாகப் பேசவிட்டு நீங்கள் வெளியே உட்காருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. அம்மா போய் 14 மாதத்தில் துக்கம் இருப்பது இயல்பு. ஆனால் நாள் முழுக்க எதிலும் பிடிப்பில்லாமல், விடியற்காலை மூன்று மணிக்கு விழித்துக்கொண்டு, உடம்பு இளைத்து, "நான் இருந்து என்ன ஆகப்போகுது" என்கிற மாதிரிப் பேச்சு வந்தால், அது பழக்கவழக்கத்தால் தீரும் கட்டம் இல்லை. கேரமும் கச்சேரியும் அங்கே வேலைக்கு ஆகாது, மனநல மருத்துவரிடம் போகவேண்டும். இந்தியாவில் 2017-18-ல் 45 வயதுக்கு மேற்பட்ட 72,000 பேருக்கு மேல் எடுத்த கணக்கெடுப்பில், 60 தாண்டியவர்களில் 100-க்கு 8 பேருக்கு மனச்சோர்வு இருக்கக்கூடும் என்று தெரிந்தது. தனக்கு அந்த நோய் இருப்பதாக மருத்துவர் சொல்லித் தெரிந்துவைத்திருந்தவர்கள் 100-க்கு ஒருவர்கூட இல்லை. "வயசானா அப்படித்தான்" என்று நாம் விட்டுவிடுவது எவ்வளவு என்று இதில் தெரிகிறது. உயிரை விடும் எண்ணம் பேச்சில் வந்தால் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே யாராவது அவர் கூட இருக்கவேண்டும். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்நேரமும் தமிழில் பேசலாம். அவர் பேசாவிட்டாலும் நீங்கள் பேசி என்ன செய்வது என்று கேட்கலாம்.

இந்தப் பிரச்சினைகள் இல்லை என்றால், கட்டாயப்படுத்தாதீர்கள், ஆனால் சும்மாவும் விடாதீர்கள். நடுவில் ஒரு வழி இருக்கிறது, அதற்குப் பெயர் உதவி கேட்பது. "அப்பா, வெளிய போயிட்டு வாங்க" என்றால் நகரமாட்டார். "அப்பா, நம்ம தெரு கடைசி வீட்டு அக்கா வீட்ல மீட்டர் பெட்டி சூடாகுதாம், பயப்படறாங்க, ஒரு எட்டு பாத்துச் சொல்றீங்களா?" என்றால் டெஸ்டரை எடுப்பார். பொய் சொல்லச் சொல்லவில்லை. அந்தத் தெருவில் ஃபோன் பண்ணி விசாரித்தால் நிஜமாகவே இப்படி நாலு வீடு இருக்கும். உயரத்தில் ஏறவேண்டாம், லைனில் கை வைக்கவேண்டாம், பார்த்துச் சொன்னால் போதும் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், ஓய்வுபெற்ற ஃபோர்மேன்கள் அடங்கமாட்டார்கள். ஊரில் பென்ஷனர் சங்கம் இருந்தால் அங்கே வருடா வருடம் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கும் நேரத்தில் கைபேசியில் செய்யத் தெரியாமல் திண்டாடுகிறவர்கள் நிறைய இருப்பார்கள். அப்பாவுக்கு அதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் அந்த நாட்களில் அவர் வீட்டில் தங்கமாட்டார். அவரோடு வேலைபார்த்த ஒருவரின் நம்பர் உங்களிடம் இருக்கும் அல்லவா? அவரிடம் ஒரு வேலை மட்டும் கேளுங்கள். காலையில் டீக்கடைக்குப் போகும்போது வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடிக்கவேண்டும். பத்து நாளில் எட்டு நாள் அப்பா வரமாட்டார். அவர் அடித்துக்கொண்டே இருக்கவேண்டும்.

6 முதல் 8 வாரம் பாருங்கள். அதற்குள் ஒன்றுமே அசையவில்லை என்றால், மேலே சொன்ன அறிகுறிகள் இல்லாவிட்டாலும் ஒருமுறை மனநல மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது.

கடைசியாக அந்த மூன்றாவது கேள்வி. கூடவே இருந்தும் அப்பாவோடு ஒரு நாளில் நாலு வார்த்தை பேசாத பிள்ளைகளின் பெற்றோர்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள். நீங்கள் ஓசூரில் இருப்பது உங்கள் அப்பாவின் நிலைமைக்கு ஒரு காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவரை ஓசூருக்கே கூட்டிவந்துவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அங்கே அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒரு ஆள் கிடையாது, ஊரில் இன்னும் இருக்கிறார்கள். யோகா வகுப்புக்குக் கட்டிய பணத்தைப் பற்றி மட்டும் அவரிடம் பேசவே பேசாதீர்கள், அது போனது போகட்டும்.